வழக்காடும் வழக்கறிஞரின் தொழில் பின்னணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழக்கு ஒன்று வந்துவிட்டால், சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்பே "யாரிடம் கொடுக்கலாம்?" என்ற கேள்வி வீட்டில் எழுந்துவிடுகிறது. விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் இணையத்திலும் காணப்படும் பட்டங்கள், பதவிகள், ஆண்டுக் கணக்குகள் ஆகியவற்றுக்கு நீதிமன்ற நடைமுறையில் என்ன பொருள் என்பதைத் தமிழ்நாட்டு வழக்காடிகளை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன். இந்தத் தொழிலுக்குள் இருந்துகொண்டு எழுதுவதால், என் சார்புகளும் சில இடங்களில் தென்படலாம்.

வழக்கறிஞரின் பதிவு எண்ணிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

தமிழ்நாட்டில் பதிவு செய்த வழக்கறிஞர்கள் தங்கள் எண்ணை "எம்.எஸ்." என்ற எழுத்துகளோடும், அதன்பின் ஓர் எண்ணோடும், சாய்கோட்டுக்குப் பிறகு ஓர் ஆண்டோடும் எழுதுவார்கள். அந்த எழுத்துகள் மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். அந்த ஆண்டு, அவர் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட ஆண்டு. ஒருவர் இருபத்தைந்து ஆண்டு அனுபவம் என்று சொல்லி, பதிவு ஆண்டு 2012 என்று இருந்தால், மீதி ஆண்டுகள் எங்கே கழிந்தன என்று கேட்பதில் தவறில்லை. அவர் வங்கியிலோ வருவாய்த் துறையிலோ பணியாற்றிவிட்டு வந்திருக்கலாம். அதுவும் பயனுள்ள பின்னணிதான். ஆனால் அது நீதிமன்ற அனுபவம் அல்ல. பதிவு ஆண்டு பழையது என்பதாலேயே அவ்வளவு காலமும் அவர் வழக்காடினார் என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். முழுநேரச் சம்பள வேலைக்குச் செல்பவர் தம் பதிவை நிறுத்திவைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி.

அட்டர்னி, சொலிசிட்டர், பாரிஸ்டர், அட்வகேட் என்பவர்கள் வெவ்வேறு வகையினரா?

இன்றைய இந்தியாவில் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை உள்ளவர் அட்வகேட் ஒருவரே. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பிளீடர், வக்கீல், பாரிஸ்டர் என்ற பழைய படிநிலைகளை ஒரே வகுப்பாக்கியது. பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் மட்டும், கட்சிக்காரரிடம் விவரம் வாங்கி வழக்கைத் தயாரிக்கும் அட்டர்னி ஒருவர், எழுந்து நின்று வாதிடும் வழக்கறிஞர் இன்னொருவர் என்ற இரட்டை முறை 1976ஆம் ஆண்டின் திருத்தம் வரை நீடித்தது. மும்பையில் சொலிசிட்டர் தேர்வை அங்குள்ள சட்டக் கழகம் இன்றும் நடத்துகிறது. அதை ஒரு தகுதிச் சான்றாகக் கொள்ளலாமே தவிர, அது வாதாடுவதற்கான தனி உரிமையைத் தராது.

அந்தப் பழைய படிநிலை சென்னையில் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு பாஷ்யம் ஐயங்காரின் வாழ்க்கையே சாட்சி. பாரிஸ்டர்களுக்கே உரியதாக இருந்த அட்வகேட் ஜெனரல் பொறுப்பை, உள்ளூரில் படித்த வக்கீலான அவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தற்காலிகமாக வகித்தபோது அது பெரிய செய்தியாயிற்று. பதிவாளர் அலுவலக வேலையை விட்டுவிட்டு வக்கீல் தொழிலுக்கு வந்தவர் அவர்.

"முப்பது ஆண்டு அனுபவம்" என்றால் நம்பிக் கொடுக்கலாமா?

எத்தனை ஆண்டுகள் என்பதைவிட, அந்த ஆண்டுகள் எந்த நீதிமன்றத்தில் கழிந்தன என்பதே முக்கியம். சார்பு நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுக்களை மட்டும் நடத்தியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர், வங்கிகளுக்காகக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் நின்றே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர் ஆகிய மூவரும் ஏறக்குறைய மூன்று வேறு தொழில்களைச் செய்தவர்கள். மூவரின் கார்டுகளிலும் ஒரே வாசகம்தான் அச்சாகியிருக்கும்.

சென்னையைப் பொறுத்தவரை இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1862இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, மும்பை, கொல்கத்தா நீதிமன்றங்களைப் போலவே, மேல்முறையீடுகளைக் கேட்பதோடு பெரும் தொகைக்கான உரிமையியல் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் முதலேற்பு அதிகாரமும் உண்டு. "ஒரிஜினல் சைடு வக்கீல்" என்று எங்களுக்குள் ஒருவரைக் குறிப்பிட்டால், அவருக்கு அந்தப் பிரிவின் தனி விதிகளும் பழக்கவழக்கங்களும் கைவந்தவை என்று பொருள். 2004ஆம் ஆண்டு ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கிய பிறகு, தென் மாவட்டங்களில் பெயர் பெற்ற பல வழக்கறிஞர்களின் தொழில் முழுவதும் அங்கேயே நிலைகொண்டுவிட்டது. ஆகவே "ஹைகோர்ட் வக்கீல்" என்று ஒருவர் சொன்னால், சென்னையா மதுரையா, மேல்முறையீடா, ரிட்டா, ஒரிஜினல் சைடா என்று கேட்ட பிறகே அந்த விடை முழுமை பெறும்.

விசாரணை நீதிமன்ற அனுபவத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

ஒரு வழக்கின் அடித்தளம் விசாரணை நீதிமன்றத்தில்தான் போடப்படுகிறது. அங்கே விட்டதை மேலே பிடிப்பது அரிது. மேல்முறையீட்டில் புதிய சான்றுகளைச் சேர்க்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆவது கட்டளை, 27ஆவது விதி குறுகிய வாசலையே திறந்துவைத்திருக்கிறது. இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சென்றால், அதே சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் உள்ளே வரும்.

உயில் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தந்தை எழுதிய உயிலின்படி வீடு தமக்கே என்று இளைய மகன் வழக்கிடுகிறார். உயிலே பொய் என்கிறார் மூத்தவர். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி உயிலை நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. பழைய சட்டத்தில் 68ஆவது பிரிவாக இருந்தது, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 67ஆவது பிரிவாகியிருக்கிறது. உயில் சாட்சியான முதியவர் வா.சா.2 ஆக, அதாவது வாதி தரப்பின் இரண்டாம் சாட்சியாகக் கூண்டேறுகிறார். "இந்த உயில் அவர் எழுதியதுதான், இதில் இருப்பது என் கையெழுத்துதான்" என்கிறார். அனுபவம் குறைந்த வழக்கறிஞர் திருப்தியோடு உட்கார்ந்துவிடுவார். விசாரணை நீதிமன்றத்தில் பழுத்தவரோ இன்னும் சில கேள்விகளைக் கேட்பார்: உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா? நீங்கள் கையெழுத்திட்டபோது அவர் உடன் இருந்தாரா? மற்றொரு சாட்சியும் இதையெல்லாம் பார்த்தாரா, அவரும் உயில் எழுதியவரின் முன்னிலையில்தான் கையெழுத்திட்டாரா? ஒரே ஒரு சாட்சியை மட்டும் விசாரிக்கும்போது, மற்றவரின் சான்றொப்பத்தையும் அவர் வாயாலேயே நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்வி கேட்கப்படாததால் உண்மையான உயிலே தோற்றுப்போகக்கூடும். பத்தாண்டுகள் கழித்து உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய வழக்கறிஞரை அமர்த்தினாலும், சாட்சியப் பக்கத்தில் இல்லாத விடையை அவரால் அங்கே எழுதிச் சேர்க்க முடியாது.

ஆகவே, ஒருவரின் பின்னணியை விசாரிக்கும்போது "எத்தனை வழக்கு நடத்தினீர்கள்?" என்பதைவிட "எத்தனை வழக்குகளில் சாட்சி விசாரணையை முழுமையாக நடத்தித் தீர்ப்பு வரை கொண்டுசென்றீர்கள்?" என்பதே பொருத்தமான கேள்வி. சமரசத்திலும் இடைக்கால மனுக்களிலும் முடிந்துபோகும் வழக்குகள் ஏராளம் என்பதால், நீண்ட காலம் தொழில் செய்தும் குறுக்கு விசாரணை அதிகம் செய்திராதவர்கள் இருக்கிறார்கள்.

இதே காரணத்தால் மொழியும் பின்னணியின் ஒரு பகுதியாகிறது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இயங்குகிறது. சாட்சி சொன்ன "அனுபவித்து வருகிறேன்" என்ற சொல் மேல்முறையீட்டுத் தட்டச்சுத் தாளில் எப்படி மொழிபெயர்ந்திருக்கிறது என்பதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், இரு தளங்களிலும் நின்றவர்களுக்கே இயல்பாக வருகிறது. உடைமைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒற்றைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

எந்தச் சட்டக் கல்லூரியில் படித்தார் என்பது முக்கியமா?

முதல் சில ஆண்டுகளுக்கு முக்கியம். பிறகு அதன் எடை வேகமாகக் குறைந்துவிடுகிறது. 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியில் மாலை வகுப்பில் பி.எல். முடித்தவரும், 1980களின் இறுதியில் பெங்களூரில் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளி மரபில் ஐந்தாண்டுப் படிப்பு முடித்தவரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேசையில் எதிரெதிரே நிற்கிறார்கள். அப்போது நீதிபதி இருவரின் கல்லூரியையும் கேட்பதில்லை.

அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி என்று குறிப்பிடவில்லையே, அது குறையா?

அந்தத் தேர்வு 2009-10 கல்வியாண்டு முதல் சட்டப் படிப்பை முடித்தவர்களுக்கே கட்டாயம். அதற்கு முன் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மூத்தவர்களின் குறிப்பில் அது இருக்காது. பிற்காலத்தவரிடம் இல்லையென்றால் கேட்டுத் தெளிவுபெறுவது நல்லது. தேர்வு நடத்தும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023இல் உறுதிசெய்தது.

யாரிடம் ஜூனியராக இருந்தார் என்பதை ஏன் கேட்கிறார்கள்?

வழக்கறிஞர்கள் ஒருவரையொருவர் எடைபோடும்போது முதலில் கேட்கும் கேள்வி அதுதான். பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 1999இல் ரத்து செய்துவிட்டது. அதனால் ஜூனியர் காலம் என்பது சட்டத்தில் இல்லை, தொழிலில் இருக்கிறது. காலையில் வழக்குப் பட்டியலைப் பார்ப்பது, குமாஸ்தாவிடமிருந்து வழக்குக் கட்டுகளை எடுத்து வைப்பது, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று சொல்லி வழக்கைச் சற்று நேரம் தள்ளிவைக்கக் கேட்பது, வாய்தா வாங்குவது என்று தொடங்கி, ஒருநாள் எதிர்பாராமல் "நீயே வாதம் பண்ணு" என்ற கட்டளை வரும் வரை நீளும் காலம் அது. பிராதுக்கு, அதாவது வழக்குத் தொடுக்கும் மனுவுக்கு, வரைவு எழுதிக் கொடுத்தால், அதில் பாதியைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பித் தரும் சீனியர் கிடைத்தவர்களே நல்ல வரைவாளர்களாக வளர்ந்தார்கள் என்பது என் கணிப்பு. என் வரைவுகளில் முதல் இரண்டாண்டுகளில் ஒரு பத்தியும் அப்படியே தப்பியதில்லை.

அந்தக் காலத்துக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லாமல் போனது இந்தத் தொழிலின் பழைய நோய். வசதியற்ற குடும்பங்களிலிருந்து வந்த திறமைசாலிகள் பலர் மூன்றாம் ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விட்டதற்கு அதுவே காரணம். நகர்ப்புறத்தில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறத்தில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லை இங்கே அழுத்தியே படிக்க வேண்டும்.

"மூத்த வழக்கறிஞர்" என்பது வயதைக் குறிக்கிறதா?

இல்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, அவருடைய திறமையையும் தொழிலில் அவருக்குள்ள மதிப்பையும் சிறப்பறிவையும் கருதி அளிக்கும் தகுதிநிலை அது. பேச்சு வழக்கில் வயதானவரையும், தம் அலுவலகத் தலைவரையும் சீனியர் என்றே அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. பத்திரிகைகளும் இந்தக் குழப்பத்துக்குத் தம் பங்கைச் செய்கின்றன.

இந்தத் தகுதி எப்படி வழங்கப்படுகிறது என்பது கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நீதிபதிகள் கூடி முடிவெடுப்பார்கள். காரணம் வெளியே தெரியாது. மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கில், 2017இல் உச்ச நீதிமன்றம் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. தொழில் ஆண்டுகளுக்கு 20, நடத்திய வழக்குகளுக்கும் கட்டணமின்றிச் செய்த பணிக்கும் 40, எழுதி வெளியிட்டவற்றுக்கு 15, நேர்காணலுக்கு 25 என்று 100 மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. 2023இல் வழக்குகளுக்கான பங்கு 50ஆக உயர்ந்து, வெளியீடுகளுக்கானது 5ஆகச் சுருங்கியது. பரபரப்பாகத் தொழில் செய்பவருக்குக் கட்டுரை எழுத நேரம் ஏது என்ற நியாயமான முணுமுணுப்பின் விளைவு அது. 2025ஆம் ஆண்டு மே மாதம் மதிப்பெண் முறையையே கைவிட்ட உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் புதிய விதிகளை வகுக்க வேண்டும் என்றது. ஆகவே, எந்த ஆண்டு தகுதி பெற்றார் என்பதைக் கொண்டு அவர் எந்த முறையில் தேர்வானார் என்பதை அறியலாம்.

கட்சிக்காரர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மூத்த வழக்கறிஞர் வக்காலத்து (கட்சிக்காரர் தம் சார்பில் ஆஜராக அதிகாரம் தரும் பத்திரம்) தாக்கல் செய்ய முடியாது. உங்களிடமிருந்து நேரடியாக வழக்கை ஏற்க முடியாது. பிராதோ உறுதிமொழிப் பத்திரமோ வரைந்து தருவதற்கு ஒப்புக்கொள்ள முடியாது. உடன் இன்னொரு வழக்கறிஞர் இல்லாமல் ஆஜராகவும் முடியாது. எனவே அவரை அமர்த்தினால் இரண்டு கட்டணங்கள் உண்டு. உங்கள் வழக்கின் விவரம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது, வழக்குக் கட்டைத் தயார்செய்து கொண்டுபோய் அவருக்கு எடுத்துச் சொல்லும் வழக்கறிஞரைப் பொறுத்தது. பெரிய பெயரைப் பார்த்துவிட்டு இந்த இரண்டாமவரின் பின்னணியை யாரும் கேட்பதே இல்லை.

உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் நம் ஊர் வழக்கறிஞரே வாதாடலாமா?

வாதாடலாம், மனு தாக்கல் செய்ய முடியாது. உச்ச நீதிமன்ற விதிகளின்படி அங்கே மனு தாக்கல் செய்யும் உரிமை அட்வகேட்-ஆன்-ரெக்கார்டு எனப்படும் பதிவு வழக்கறிஞருக்கே உண்டு. நான்கு ஆண்டுத் தொழில் அனுபவத்துக்குப் பிறகு அத்தகைய வழக்கறிஞர் ஒருவரிடம் ஓராண்டுப் பயிற்சி பெற்று, உச்ச நீதிமன்றமே நடத்தும் தேர்வில் தேறியவர் அவர். நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அலுவலகமும் வைத்திருக்க வேண்டும். ஒருவரின் குறிப்பில் இந்தத் தகுதி இருந்தால், அவர் தேர்வெழுதிப் பெற்றது என்று நம்பலாம்.

முன்னாள் அரசு வழக்கறிஞர் என்பது எவ்வளவு எடையுள்ள பின்னணி?

எந்தப் பதவி என்பதைப் பொறுத்தது. நடுவர் நீதிமன்றங்களில் அரசுத் தரப்பை நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு வழியாக வரும் முழுநேர ஊழியர்கள். அமர்வு நீதிமன்றங்களின் அரசு குற்றவியல் வழக்கறிஞராக நியமிக்கப்படக் குறைந்தது ஏழு ஆண்டுகளும், சிறப்பு அரசு வழக்கறிஞராகப் பத்து ஆண்டுகளும் தொழில் செய்திருக்க வேண்டும். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அரசியல் சாசனத்தின் 165ஆவது உறுப்பின்கீழ் வருபவர். உயர் நீதிமன்ற நீதிபதியாவதற்கான தகுதி அவருக்கு இருக்க வேண்டும்.

உயர் நீதிமன்ற அரசு வழக்கறிஞர் பட்டியல் ஆட்சி மாறும்போது பெரும்பாலும் மாறுகிறது. ஆகவே அந்தப் பதவி ஒருவரின் திறமைக்கும் சான்றாகலாம், தொடர்புகளுக்கும் சான்றாகலாம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மூன்றாண்டுகள் அரசுத் தரப்பில் நின்றவர் தனியார் தொழிலில் பத்தாண்டுகளில் பார்க்க முடியாத எண்ணிக்கையில் வழக்குகளைப் பார்த்திருப்பார். காலையில் ஐம்பது ஜாமீன் மனுக்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவருக்கு, காவல்துறையின் வழக்கு நாட்குறிப்பு எங்கே பலவீனமாக இருக்கும் என்பது பிறகு எதிர்த்தரப்பில் நிற்கும்போது கைகொடுக்கும்.

இந்தப் பாதையின் உச்சத்துக்கு உதாரணம் கே. பராசரன். தமிழ்நாட்டின் தலைமை வழக்கறிஞர், பிறகு இந்தியாவின் சொலிசிட்டர் ஜெனரல், 1983 முதல் 1989 வரை அட்டர்னி ஜெனரல் என்று படிப்படியாக உயர்ந்தவர், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு 2019இல் அயோத்தி வழக்கில் நாள்கணக்கில் வாதாடினார். எதிர்த்திசையில் ஓர் உதாரணம் ஃபாலி நாரிமன்: கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர், 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் பதவி விலகினார். பதவி வகித்தார் என்பதைப் போலவே, எப்போது விட்டு வந்தார் என்பதும் ஒருவரைப் பற்றிச் சொல்லும்.

ஓய்வு பெற்ற நீதிபதியை வழக்கறிஞராக அமர்த்தலாமா?

உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. உயர் நீதிமன்றத்தின் நிரந்தர நீதிபதியாக இருந்தவர் உச்ச நீதிமன்றத்திலும் தாம் பணியாற்றாத மற்ற உயர் நீதிமன்றங்களிலும் மட்டுமே வாதாடலாம். கீழமை நீதிமன்ற நீதிபதிகளுக்கு, ஓய்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அதிகாரம் செலுத்திய பகுதியில் இரண்டு ஆண்டுகளுக்குத் தடை உண்டு. தீர்ப்பு எழுதியவருக்குத் தீர்ப்பு எப்படி உருவாகிறது என்று தெரியும்; வரைவுக்கும் சட்டக் கருத்துக்கும் அது பெரிய பலம். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகள் மேடையில் அமர்ந்து கேட்டவருக்கு, கீழே நின்று குறுக்கிடும் கேள்விகளுக்கு நடுவே வாதத்தைத் தொடரும் பழக்கம் உடனே திரும்பிவிடுவதில்லை.

நீதிபதியின் உறவினர் என்றால் பயன் உண்டா?

தந்தை, மகன், மருமகன், மாமனார், கணவன், மனைவி போன்ற நெருங்கிய உறவினரான நீதிபதியின் முன் வழக்கறிஞர் ஆஜராகவே கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. இந்த உறவைக் காட்டி உங்களிடம் யாராவது வழக்கைக் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

இணையத்தில் "சிறந்த பத்து வழக்கறிஞர்கள்" பட்டியல்களை நம்பலாமா?

வேண்டாம். இந்தியாவில் வழக்கறிஞர் விளம்பரம் செய்துகொள்வதை பார் கவுன்சிலின் 36ஆவது விதி தடைசெய்கிறது. 2008இல் செய்த திருத்தம், பெயர், முகவரி, தொடர்பு எண், பதிவு விவரம், கல்வி மற்றும் தொழில் தகுதிகள், தொழில் செய்யும் துறைகள் ஆகியவற்றை மட்டும் சொந்த இணையதளத்தில் வெளியிட அனுமதித்தது. இதைத் தாண்டி நட்சத்திர மதிப்பீடு கொடுத்தும் தரவரிசைப்படுத்தியும் வழக்கறிஞர்களைப் பட்டியலிட்ட இணைய நிறுவனங்கள் மீது 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. அத்தகைய பட்டியல்களில் இடம்பெறும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் பார் கவுன்சிலைப் பணித்தது. விதியைப் படித்தவர், விதிக்குள் நின்றே தம்மைப் பற்றி எழுதுகிறாரா என்பது நல்ல முதல் சோதனை.

அப்படியானால் ஒருவர் நடத்திய வழக்குகளை எப்படித்தான் அறிவது?

பொது ஆவணங்களிலிருந்தே அறியலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, வழக்கறிஞரின் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால், அவர் பெயரில் நிலுவையிலும் முடிவுற்றும் உள்ள வழக்குகள் வரும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் வேறுபடும் என்பதால், ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லையென்றால் வேறு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் முதல் பக்கத்தைக் கவனியுங்கள். மனுதாரர் தரப்பு, எதிர்மனுதாரர் தரப்பு என்ற தலைப்புகளுக்கு எதிரே பெயர்கள் இருக்கும். ஒரே பெயர் இருந்தால் அவரே ஆஜரானார் என்று கொள்ளலாம். "இன்னாருக்காக இன்னார், மூத்த வழக்கறிஞர்" என்று இருந்தால், யாருக்காக என்று குறிப்பிடப்பட்டவர் வழக்கைத் தாக்கல் செய்தவர், மூத்தவர் வாதாடியவர். ஒருவர் "நான் நடத்திய வழக்கு" என்று சொல்லும் புகழ்பெற்ற தீர்ப்பில் அவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இரண்டு நிமிடங்களில் பார்த்துவிடலாம். பெயரே இல்லாமலும் இருக்கலாம். அன்று அவர் ஜூனியராக உழைத்திருக்கக்கூடும், அது பொய்யாகாது. ஆனால் கேட்டால் அதை அப்படியே சொல்ல வேண்டும்.

வெற்றி விகிதம் கேட்கலாமா?

கேட்டாலும் பொருளில்லை. கஷ்டமான வழக்குகளை எடுப்பவர் அதிகம் தோற்பார். தண்டனை உறுதி என்ற வழக்கில் தண்டனையைக் குறைத்துப் பெறுவதும், தோற்கும் பாகப்பிரிவினை வழக்கில் நல்ல சமரசம் வாங்குவதும் அந்தக் கணக்கில் வராது.

சமரசத்தில் பயிற்சி பெற்றவர் என்பது வழக்காடும் திறமை இல்லை என்பதற்கு அடையாளமா?

நேர்மாறானது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியபோது அது இந்தியாவுக்கே முன்னோடி. வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவின்படி, அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்குகளில், வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி கட்டாயம். வழக்கை இறுதிவரை நடத்தத் தெரிந்தவர் சமரச மேசையில் உட்கார்ந்தால்தான் எதிர்த்தரப்பு அவரைப் பொருட்படுத்தும்.

புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு பழைய அனுபவம் செல்லுபடியாகுமா?

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு வரிசைகளும் அருகருகே ஓடும். 302 என்றால் கொலை என்று நாக்கில் பதிந்தவர்கள் இப்போது 103 என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறோம். எண்கள் மாறினாலும் சாட்சியை உடைக்கும் கலை மாறவில்லை.

ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டவர் என்றால் ஒதுக்கிவிட வேண்டுமா?

எதற்காக என்று பார்க்க வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலில் தரப்படும் புகார்களில், தோற்ற கட்சிக்காரர் கோபத்தில் கொடுத்தவையும் உண்டு. கட்சிக்காரரின் இழப்பீட்டுத் தொகையை வழக்கறிஞரே வைத்துக்கொண்ட உண்மைக் குற்றங்களும் உண்டு. ஓராண்டுக்குள் மாநில ஒழுங்குக் குழு முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், தொழில்முறைத் தவறு பற்றிய புகாருக்கு இதுவே முதன்மையான வழி.

தண்டனை பெற்றதால் உரிமத்தை இழந்த வழக்கறிஞர்களில் தமிழர்கள் மறக்காத பெயர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1908இல் ராஜதுரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றபோது அவருடைய வக்கீல் சன்னது பறிபோயிற்று. பிற்காலத்தில் நீதிபதி வாலேஸ் அதைத் திரும்பப் பெற்றுத்தர உதவினார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. தொழில் குறிப்பில் விழுந்த இடைவெளிக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம்.

பின்னணி பொருந்தவில்லை என்று பாதியில் தெரிந்தால் மாற்ற முடியுமா?

முடியும். பழைய வழக்கறிஞரின் ஒப்புதலைப் பெற்றோ நீதிமன்ற அனுமதியோடோ புதிய வக்காலத்து தாக்கல் செய்யலாம். கட்டணம் பாக்கி என்று கூறி வழக்குக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை அவர் தனியே வசூலித்துக்கொள்ளலாம். குறுக்கு விசாரணைக்கு முந்தைய வாய்தாவில் மாற்றுவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள்.

முதல் சந்திப்பில் எதைக் கேட்பது?

பட்டங்களைக் கேட்க வேண்டாம்; அவை சுவரில் மாட்டியிருக்கும். இந்த வகை வழக்கைக் கடைசியாக எந்த நீதிமன்றத்தில், யார் தரப்பில் நடத்தினீர்கள் என்று கேளுங்கள். என் பிராதை யார் வரைவார் என்று கேளுங்கள். எதிர்த்தரப்புச் சாட்சியை அன்றைக்கு எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்யப்போவது நீங்களா, ஜூனியரா என்று கேளுங்கள். ஜூனியர் என்று பதில் வந்தால் தயங்க வேண்டியதில்லை. அந்த ஜூனியரை அழைத்து உட்காரவைக்கச் சொல்லி, இதே கேள்விகளை அவரிடமும் கேட்டுவிட்டு வக்காலத்தில் கையெழுத்திடுங்கள்.